தாய்மடி சீற் பெல்ற் ஆகாது

மார்கழியில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிற பச்சைப் பிள்ளையின் முகம் வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாது. தொப்பி, தொப்பிக்கு மேல் துவாய், துவாய்க்கு மேல் கனடாவிலிருந்து வந்த பஞ்சுச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு போர்வை. அந்தப் பொதியை அம்மம்மா வாங்கித் தாயின் மடியில் வைப்பார். வான் கதவு சாத்தப்படும், கண்ணாடிகள் ஏற்றப்படும், வான்காரர் ஏ9 வீதியில் ஏறி எழுபதைத் தொடுவார். இந்த ஏற்பாட்டில் பிழை இருப்பதாக அங்கே ஒருவருக்கும் தோன்றாது. பிள்ளைக்குக் கார் சீற் இல்லையா என்று யாராவது கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கும்: "தாயின்ர மடியிலும் பார்க்கப் பத்திரமான இடம் உலகத்தில இருக்கே?"

இருக்கிறது. ஓடுகிற வானுக்குள், பின் இருக்கையில், பின்பக்கம் பார்த்தபடி இறுகக் கட்டப்பட்ட ஒரு பிளாஸ்ரிக் இருக்கை தாயின் மடியைவிடப் பத்திரமானது. இப்படிச் சொல்வது தாய்மையைக் குறைத்துப் பேசுவதாக நம் ஆட்களுக்குப் படுகிறது. அதனால் இந்தக் கதை எந்த வீட்டிலும் பாதியில் நின்றுவிடும். இங்கே கடைசிவரை போய்ப் பார்க்கலாம்.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். குளிரைப் பற்றி அம்மம்மாமார் பயப்படுவது வீண் பயம் இல்லை. மார்கழி, தை விடியற்காலைகளில் வன்னியில் வெப்பநிலை இருபது, இருபத்திரண்டு பாகைக்கு இறங்கும். ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிற சித்தப்பாவுக்கு அது கோடைகாலம், பச்சைப் பிள்ளைக்கு அது குளிர்தான். பிறந்த பிள்ளையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிரசவ அறையே 25 பாகைக்குக் குறையக் கூடாது என்றும் அது சொல்கிறது. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கப் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. தோலுக்குக் கீழே கொழுப்புக் குறைவு. உடம்பின் நிறையோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளை என்றால் நிலைமை இன்னும் மோசம். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த வாடைக்காற்றில் கிளிநொச்சி, முல்லைத்தீவு உட்பட வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. வயலோரம் விழுந்து கிடந்த மாடுகளைப் பார்த்தவர்களிடம் போய், வன்னியில் என்ன குளிர் என்று கேட்க முடியாது.

குளிரைப் போக்குவதில் தாயின் உடம்பை விஞ்சுவதும் கடினம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேற்றர்கள் போதாமல் தவித்த எட்கர் ரே சனாப்ரியா என்ற வைத்தியர், நிறை குறைந்த பிள்ளைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு முறை என்ற பெயரோடு அது இன்று உலகெங்கும் நடக்கிறது, நம் வைத்தியசாலைகளிலும் நடக்கிறது. ஆக, மடி சூடு தரும், பால் தரும், நித்திரை தரும். வான் சடுதியாக நிற்கும்போது பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிற பலம் மட்டும் அதற்கு இல்லை. நம் வழக்கத்தின் குறை இதுதான். குளிர், மோதல் என்ற இரண்டு ஆபத்துகளில் ஒன்றை மட்டும் எண்ணி எல்லா ஏற்பாடும் செய்கிறோம். அந்த ஏற்பாடே மற்ற ஆபத்தைக் கூட்டுகிறது.

சாதாரணதர விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை போடக்கூடிய கணக்கு ஒன்று. பிள்ளையின் திணிவு மூன்று கிலோ. வான் மணிக்கு அறுபது கிலோமீற்றரில் போகிறது, அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர். மோதி, பத்தில் ஒரு செக்கனில் நிற்கிறது. திணிவை வேகத்தால் பெருக்கி நேரத்தால் பிரித்தால் சராசரியாக ஐந்நூறு நியூட்டன் விசை வரும். அது ஏறக்குறைய ஐம்பது கிலோவின் பாரம், ஒரு பை சீமெந்து. அந்தப் பை மடியிலிருந்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முன்னால் பாயும்போது அதைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டும். சிசேரியன் தையல் காயாத, மூன்று இரவு நித்திரை இல்லாத ஒரு பெண்ணிடம் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான். சந்தியில் சீமெந்து இறக்குகிற இளைஞர்களிடம் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வார்கள். அன்பு எவ்வளவு இருந்தாலும் தசைக்கு ஓர் அளவு இருக்கிறது.

அதுவும் தாய் பெல்ற் போட்டிருந்தால் வருகிற கணக்கு. பின் இருக்கையில் பெல்ற் போடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. பெல்ற் போடாத தாய் அதே வேகத்தில் முன்னால் எறியப்படுவார். தாயின் ஐம்பத்தைந்து கிலோவுக்கும் முன்னாலுள்ள இருக்கைக்கும் நடுவில் அகப்படுவது பிள்ளை. தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ற்றுக்குள் கட்டுகிற புத்திசாலித்தனம் அதைவிட மோசம். அங்கே தாயின் முழுப் பாரமும் பிள்ளையைப் பெல்ற்றோடு வைத்து நசுக்கும். வயிற்றோடு துணியால் கட்டிக்கொள்வதும் மோதலில் உதவாது. நடக்கும்போது அது நல்லது, வாகனத்தில் அதற்கு வேலை இல்லை.

"எங்கட றோட்டில என்ன வேகம்?" என்று கேட்பார்கள். இருபது வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. கண்டி வீதி என்கிற குண்டும் குழியுமான ஏ9இல் அன்று சைக்கிள்காரர் வானை முந்திப் போவார். போருக்குப் பிறகு ஏ9 கண்ணாடிபோல் போடப்பட்டுவிட்டது. ஓமந்தையிலிருந்து புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று காட்டுக்கு நடுவே நேர்கோடாக ஓடுகிற அந்த வீதியில் எழுபது என்ற சட்ட எல்லையை மதித்து ஓடுகிற வானைத் தேடிப் பிடிக்க வேண்டும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35இல் மணல் டிப்பர்கள் வருகிற வரத்தைப் பார்த்தவர்கள் வேகத்தைப் பற்றி என்னிடம் கதைக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் கட்டாக்காலி மாடுகள். மழையும் பனியும் பெய்கிற காலத்தில் தரை ஈரமாகிவிட, பகல் வெயிலைப் பிடித்துவைத்திருக்கிற தார் றோட்டில் இரவு முழுக்க அவை படுத்திருக்கும். வெளிச்சம் இல்லாத இடத்தில் கறுத்த மாடு இருபது மீற்றருக்குள் வந்த பிறகுதான் தெரியும். சில இடங்களில் யானையும் கடக்கும். ஆக, பிள்ளையைக் குளிருக்காக நாம் பொதிந்து கட்டுகிற அதே மாதங்களில்தான் வன்னி வீதிகள் மிக மோசமாக இருக்கின்றன. இந்த இரண்டும் ஒரே பருவத்தில் வருவதால்தான் இந்தக் கட்டுரையே தேவைப்படுகிறது.

கார் சீற் "வெள்ளைக்காரன்ர சொகுசு" என்று சொல்கிறவர்கள் அது எப்படி வந்தது என்று அறிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். சுவீடனில் பேர்ட்டில் ஓல்ட்மன் என்ற வைத்தியப் பேராசிரியர் 1960களில் ஜெமினி விண்கலத்தின் வீரர்கள் படுத்திருக்கிற இருக்கையைக் கவனித்தார். பின்பக்கம் பார்த்த பிள்ளை இருக்கைக்கு வழி அங்கேதான் பிறந்தது. விசை வருகிற திசைக்கு முதுகைக் கொடுத்தால் அது முதுகு முழுவதும் பரவிவிடும், ஓர் இடத்தில் குவியாது. பிறந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அதன் தலை உடம்பின் நீளத்தில் கால்வாசி. அந்தத் தலையைத் தாங்குகிற கழுத்து முள்ளெலும்புகள் இன்னும் முழுதாக எலும்பாகவில்லை, இணைக்கிற நார்கள் இளகியவை. முன்பக்கம் பார்த்திருக்கிற பிள்ளையின் உடம்பைப் பெல்ற் பிடித்து நிறுத்தும், தலை நிற்காது. கழுத்து இழுபடும், உள்ளே முண்ணாணும் இழுபடும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றாக இருக்கையின் ஓட்டுக்குள் அழுந்தும். இவ்வளவுதான் அதன் இரகசியம். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கில், சரியாகப் பூட்டிய இருக்கை கார்களில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சாவை 71 வீதம் குறைக்கிறது. இதைச் சொகுசு என்று சொல்வதானால் போலியோச் சொட்டு மருந்தும் சொகுசுதான்.

இன்னொரு வாதம் இருக்கிறது. அதை வன்னியில் மட்டும்தான் கேட்கலாம், மறுக்க மனம் கூசும். "ஷெல்லடிக்குள்ள ட்ரக்டர் பெட்டியில வைச்சுப் பிள்ளையளைக் கொண்டு ஓடினனாங்கள். பங்கருக்குள்ள பெத்தனாங்கள். எங்களுக்குச் சீற்றைப் பற்றிப் படிப்பிக்க வாறியளே?" 2009இன் தொடக்க மாதங்களில் விசுவமடு, தேவிபுரம், மாத்தளன் என்று ஓடிய தாய்மார் இதைச் சொல்லும்போது பதில் சொல்லாமல் எழுந்து போகத்தான் தோன்றும். ஆனாலும் பதில் இருக்கிறது. அன்று அவர்கள் மடியை நம்பியது மடி போதும் என்பதால் இல்லை. மடியைத் தவிர எல்லாம் பறிக்கப்பட்டிருந்தது. கதியற்ற காலத்தில் செய்ததைக் கதியிருக்கிற காலத்துக்கு அளவாக வைப்பது அந்தத் துயரத்துக்குச் செய்கிற மரியாதை ஆகாது. இன்னொன்றும் உண்டு. தப்பிய பிள்ளைகளின் தாய்மார்தான் இந்தக் கதையை இப்படிச் சொல்கிறார்கள். தப்பாத பிள்ளைகளின் தாய்மார் இந்த வாதத்துக்கு வருவதில்லை. அவர்கள் வைகாசியில் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

சட்டம் நம்மைக் கேட்கவில்லையே என்பது அடுத்த சமாதானம். உண்மைதான். 2011 ஒக்ரோபரிலிருந்து சாரதியும் முன் இருக்கைக்காரரும் பெல்ற் போட வேண்டும் என்றார்கள், போடுகிறோம், தண்டப்பணத்துக்குப் பயந்து. 2025இல் அதிவேக நெடுஞ்சாலைகளில் எல்லாப் பயணிகளுக்கும் அந்த விதி விரிந்தது. வன்னிக்கு அதிவேக நெடுஞ்சாலை இல்லை. பிள்ளைக்குச் சீற் எங்கே என்று கேட்டுப் பொலிஸ்காரர் வானை மறித்ததை மாங்குளத்தில் எவரும் கண்டதில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1978இலேயே இதற்கான சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒன்ராறியோவில் ஒன்பது கிலோவுக்குக் குறைந்த பிள்ளை பின்பக்கம் பார்த்த இருக்கையில்தான் போக வேண்டும். இந்தியாவிலும் 2019 திருத்தத்தின்படி பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பெல்ற்றோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கொண்டுபோனால் ஆயிரம் ரூபா தண்டம், எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை. ஆனால் நம் ஆட்கள் சட்டத்துக்காகவா முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கிறார்கள்? சட்டம் கேட்காத நூறு காரியத்தைப் பிள்ளைக்காகச் செய்கிற சமூகம், இந்த ஒன்றுக்கு மட்டும் வர்த்தமானி அறிவித்தலைக் காட்டு என்கிறது.

இனி, சீற் வைத்திருக்கிறவர்களோடு ஒரு சண்டை. வெளிநாட்டிலிருந்து உறவு கொண்டுவந்த சீற் இருக்கிறது, பிள்ளையும் அதில் இருக்கிறது, ஆனால் பஞ்சுச் சட்டையோடு. இது இரண்டாவது நம்பிக்கை: குளிர் என்றால் முதலில் தடிப்பாக உடுத்த வேண்டும், பெல்ற் அதற்கு மேலே வரட்டும். மோதலில் அந்தப் பஞ்சு ஒரு கணத்தில் நசுங்கித் தகடாகிவிடும். சட்டைக்கு மேல் இறுக்கமாகத் தெரிந்த பட்டி பிள்ளையின் உடம்பிலிருந்து பல விரற்கடை விலகி நிற்கும். அந்த இடைவெளிக்குள்ளால் பிள்ளை வழுகி வெளியே வரலாம். நம்பாதவர்கள் வீட்டுக்குள் செய்து பார்க்கலாம். சட்டையோடு பிள்ளையை இருத்திப் பட்டியை இறுக்குங்கள். பட்டியின் நீளத்தை மாற்றாமல் பூட்டை மட்டும் திறந்து பிள்ளையை எடுத்து, சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி இருத்திப் பூட்டுங்கள். எவ்வளவு தளர்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். கனடாவில் பூச்சியத்துக்குக் கீழ் பத்துப் பாகை உறைகுளிரிலேயே பஞ்சுச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் பட்டியைப் பூட்டச் சொல்கிறார்கள். அங்கேயிருந்து சட்டையை அனுப்புகிறவர்கள் இந்தப் புத்திமதியைச் சேர்த்து அனுப்ப மறந்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு எளிது. உடம்போடு ஒட்டுகிற மெல்லிய பருத்திச் சட்டை, அதற்கு மேல் இன்னொரு மெல்லிய கைநீளச் சட்டை, காலுக்கு மேசு, தலைக்குத் தொப்பி. கால்களைச் சேர்த்துச் சுற்றிக் கட்டாதீர்கள், கால்களுக்கு நடுவில் பட்டி வர வேண்டும். பிள்ளையை இருத்திப் பட்டியை இறுக்கி, காறை எலும்புக்குப் பக்கத்தில் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளுக்கு அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். அதன் பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே, நெஞ்சுவரை போர்வை. பாட்டியின் பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் போட்டால் இந்த மண்ணின் குளிருக்கு அது தாராளம். வானுக்குள் புழுங்கினால் போர்வையை எடுப்பது ஒரு கை வேலை. பட்டிக்குக் கீழே மாட்டிய பஞ்சுச் சட்டையை அப்படி எடுக்க முடியாது, பிள்ளை அவிந்து கிடக்கும். மூடிய வானுக்குள் ஏழு பெரியவர்களின் மூச்சும் சேர்ந்தால் அது வீட்டைவிடச் சூடு. பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று பார்க்க உள்ளங்காலைத் தொடுவது நம் பழக்கம். பிறந்த பிள்ளையின் கையும் காலும் குளிர்ந்து, சில வேளை நீலம் பாரித்துத்தான் இருக்கும். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருந்தால் பிள்ளை சுகமாக இருக்கிறது. வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள், அம்மம்மா என்ன சொன்னாலும்.

எந்தச் சீற் என்று கேட்பவர்களுக்கு விலையைப் பற்றி நான் கதைக்கப் போவதில்லை. விலை கூடியது கூடுதல் பாதுகாப்பு என்று இல்லை. முதலில் பார்க்க வேண்டியது நம் பிள்ளைகளின் அளவு. வட அமெரிக்க இருக்கைகள் சில 1.8 கிலோவிலிருந்தும் சில 2.3 கிலோவிலிருந்தும் தொடங்குகின்றன, அந்த எண் பக்கத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். இரண்டு கிலோவுக்குச் சற்றுமேல் பிறந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஐரோப்பியப் புதிய இருக்கைகளில் நிறைக்குப் பதிலாக உயரம் எழுதியிருக்கும், 40 அல்லது 45 சென்ரிமீற்றரிலிருந்து. தோள்பட்டி வெளியே வருகிற துளை பிள்ளையின் தோளுக்கு நேரே அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். காதுக்குப் பக்கத்தில் வந்தால் அந்தச் சீற் அந்தப் பிள்ளைக்குப் பெரிது. இருக்கையோடு வந்த மெத்தையைத் தவிர வேறு எதையும் முதுகுக்குப் பின்னால் திணிக்கக் கூடாது. தலை சாய்ந்தால் இரண்டு பக்கமும் சிறு துவாய்ச் சுருள் வைக்கலாம்.

அடுத்தது வாகனம். இங்கேதான் வெளிநாட்டுச் சீற்றுகள் சிக்கலாகின்றன. அந்த நாடுகளில் இருக்கையைக் கொளுவுவதற்கென்று வாகனத்திலேயே இரும்புக் கொளுவிகள் உண்டு. அண்மைக்கால யப்பான் கார்களிலும் அவை இருக்கும், இருக்கையின் முதுகும் அடியும் சேர்கிற மடிப்புக்குள் விரலை விட்டால் தட்டுப்படும். நம் பழைய டொல்பின் வான்களில் அவை கிடையாது. பெல்ற்றால்தான் கட்ட வேண்டும். கனடா, அமெரிக்க இருக்கைகள் பலவற்றை இடுப்புப் பெல்ற்றால் மட்டும் கட்டலாம். ஐரோப்பிய இருக்கைகள் பெரும்பாலானவற்றுக்குத் தோளுக்கு மேலாலும் வருகிற பெல்ற் வேண்டும். கட்டியபின் பெல்ற் ஓடுகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் அசையக் கூடாது. இரண்டு சீற்றுக்கு நடுவில் விரிக்கிற மடிப்புச் சீற்றில் கட்டவே கூடாது. எயார் பாக் உள்ள முன் சீற்றிலும் கூடாது. அது விரிகிற வேகத்தில் பின்பக்கம் பார்த்த இருக்கையின் முதுகில், அதாவது பிள்ளையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். "முன்னுக்கு இருந்தால் நான் பார்த்துக்கொண்டு ஓடுவன்" என்கிற தகப்பன்மார் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

சீற்றுக்கு எதிராக ஒரு நல்ல கேள்வி கேட்கப்படுவதும் உண்டு: மடியில் பிள்ளையின் மூச்சு எனக்குத் தெரியும், சீற்றில் தெரியுமா? கேட்பவர் பெரும்பாலும் தாய். கேள்வி சரியானது. பிறந்த பிள்ளைக்குக் கழுத்தில் பலம் இல்லை. இருக்கை மிக நிமிர்ந்து நின்றால் தலை முன்னால் விழுந்து நாடி நெஞ்சில் முட்டும், மூச்சு வழி மடங்கும். அதனால்தான் ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை சாய்வு கேட்கிறார்கள். பல இருக்கைகளில் அதைக் காட்ட ஒரு கோடோ குமிழோ இருக்கும். முப்பத்தேழு வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளை வீட்டுக்கு விடுமுன் சீற்றில் இருத்தி மூச்சையும் ஒட்சிசனையும் கவனித்துப் பார்க்கும்படி அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் சொல்கிறது. இங்கே அந்தச் சோதனை இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் கேட்கத் தடை இல்லை. தாய் பின் சீற்றில் பிள்ளைக்குப் பக்கத்தில், தன் பெல்ற்றையும் போட்டுக்கொண்டு இருக்கட்டும். கண் பிள்ளையின் முகத்தில் இருக்கும், போர்வை மூக்குக்கு ஏறாது. நீண்ட பயணத்தில் நிறுத்திப் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் குழந்தைப் பிரிவிலிருந்து முல்லைத்தீவுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். இடையில் ஓரிடத்தில் நிறுத்தாமல் அந்தத் தூரத்தை ஓடக் கூடாது. வவுனியாப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, முறிகண்டிப் பிள்ளையார் எப்படியும் நிறுத்திவிடுவார். பெரியவர்கள் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கி வருகிற நேரத்தில் பிள்ளைக்கு மடியும் பாலும் கிடைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் சீற்றோடு நித்திரை கொள்ள விடக் கூடாது. அங்கே பாயும் மெத்தையும் இருக்கின்றன.

இவ்வளவும் வான் பிடிக்க வசதி உள்ளவர்களுக்கு. ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் உள்ளே இருக்கிற பெரும்பாலான பிள்ளைகள் ஓட்டோவில்தான் வீட்டுக்குப் போகின்றன, சில மோட்டார் சைக்கிளில். ஓட்டோவில் பெல்ற் இல்லை, எந்தச் சீற்றையும் கட்ட முடியாது. சீற்றை மடியில் வைத்துக்கொண்டு போவது பயனில்லாத நடிப்பு. அங்கே மடிதான் வழி என்று ஒப்புக்கொண்டு, மடியின் குறையை வேகத்தால் ஈடு செய்ய வேண்டும். அதே பிள்ளைக்கு முப்பது கிலோமீற்றரில் வருகிற மோதல், அறுபதில் வருவதன் கால்வாசிச் சக்தியைத்தான் கொண்டிருக்கும். வேகம் பாதியானால் சக்தி கால்வாசி. ஓட்டோக்காரருக்கு இதைப் புரியவைக்கிற வல்லமை பிள்ளையின் தகப்பனுக்கு உண்டு, ஏறுமுன் சொல்லவேண்டும். தாய் நடுவில் இருக்கட்டும், பக்கத்துப் படங்கை இறக்கிவிடுங்கள், பிள்ளையைச் சட்டைக்குள் மார்போடு அணைத்து வெளியே சால்வையால் மூடினால் போதும். விடியற்காலையிலும் பொழுது பட்ட பிறகும் புறப்பட வேண்டாம். துண்டு வெட்டுவது பெரும்பாலும் மத்தியானம், அப்போதே கிளம்பினால் குளிரும் இல்லை, மாடுகளும் கண்ணுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்கு ஒரே கருத்துத்தான்: நாலு பேரிடம் கடன் வாங்கியாவது அந்த ஒரு நாள் ஓட்டோ பிடியுங்கள்.

ஓட்டோ ஓடுகிற ஊரில் கார் சீற் பற்றிக் கதைப்பது பணக்காரர் பேச்சு என்று யாரும் சொல்லலாம். வைத்தியசாலை வாசலில் நின்று பார்த்தால் தெரியும், வாடகைக் காரிலும் வானிலும் போகிற பிள்ளைகளும் குறைவில்லை. அவர்களுக்கு முடியும், ஆனால் செய்வதில்லை. அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முடியாதவர்களைக் காட்டி முடிந்தவர்கள் தப்பிக்கொள்வது நம்மிடம் பழைய வித்தை. கிளிநொச்சி வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு மகளிர் நலச் சிறப்பு மையம் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. உள்ளே பிள்ளைக்கு நோய் தொற்றாமலும் குளிராமலும் அவ்வளவு பாடுபடுகிறார்கள். படியை விட்டு இறங்கிய கணத்தில் அந்தக் கவனம் முடிந்துபோகிறது.

கடைசித் தடை சாஸ்திரம். பிறக்க முன் பிள்ளைக்குச் சாமான் வாங்கக் கூடாது. இதனால்தான் சீற் வாங்க நினைக்கிற ஒரு சில வீடுகளிலும் பிள்ளை வீட்டுக்கு வந்து இரண்டு கிழமைக்குப் பிறகுதான் சீற் வருகிறது. முதற்பயணம் மடியில் முடிந்திருக்கும். சாஸ்திரத்தோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை. வாங்க வேண்டாம், இரவல் எடுங்கள். பிறந்த பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணியும் அண்ணன்மார் போட்ட சட்டையும்தானே போடுகிறோம், புதிது இல்லையே. இந்த வகைச் சீற் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம், சற்றுக் கூடவோ குறையவோதான் தேவைப்படும். பிறகு வீட்டுக்குப் பின்னால் அதில் கோழி முட்டையிடும். ஊருக்கு நாலு சீற் இருந்தால் சுற்றிச் சுற்றிப் போதும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்பநல உத்தியோகத்தரின் பொறுப்பில் அவற்றை வைக்கலாம். அவருக்குத்தான் எந்த வீட்டில் எப்போது பிரசவம் என்று தெரியும். கோயிலுக்குக் கோபுரமும் பள்ளிக்கூடத்துக்கு வாசல் வளைவும் கட்டித் தருகிற வெளிநாட்டுச் சங்கங்கள் ஒரு பெட்டியில் இவற்றை அனுப்பலாம், பெயர் பொறிக்க இடமும் உண்டு. ஆனால் எறிய வேண்டியதை அனுப்பக் கூடாது. அடியில் பிளாஸ்ரிக்கில் காலாவதித் திகதி அச்சடித்திருக்கும், அது தாண்டியது வேண்டாம். விபத்தில் அகப்பட்ட சீற், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், வேண்டாம். கையேடு இல்லாததும் வேண்டாம்.

சீற் கிடைத்த பிறகும் ஒரு வேலை மிஞ்சும். வான் பேசும்போது ஏசி வேலை செய்யுதா என்று கேட்கிறோம், பாட்டுப் போடுமா என்று கேட்கிறோம். பின் சீற்றில் பெல்ற் இருக்கா என்று கேட்டால் வான்காரர் இருக்கு என்பார். இருக்கும், அழகான உறை போட்டு, உறைக்குக் கீழே பூட்டும் நாக்கும் புதைந்து கிடக்கும். பிள்ளையை ஏற்றப் போகிற அன்று வைத்தியசாலை வாசலில் நின்று உறை கழற்ற நேரம் இருக்காது. முதல்நாளே போய்க் கழற்றச் சொல்லுங்கள், சீற்றைக் கட்டிப் பாருங்கள். மாட்டேன் என்றால் வன்னியில் வானுக்குப் பஞ்சம் இல்லை, அடுத்தவரைக் கேளுங்கள்.